பெல்லெகிரினோ மலைச் சண்டை

“மலை என்ர! ஒரு பங்கரும் தரமாட்டன்!” கரண்டியை ஓங்கினார் கயெத்தானோ. வயது எண்பத்தொன்பது.

“நீங்க ஏன் தருவான், சிஞ்ஞோரே? நான் பிடிப்பன்!” என்றாள் அவரை வீட்டோடு இருந்து பராமரிக்கும் கேசிகா. அவளுடைய இத்தாலிய மொழிக்கு இத்தனை வேகம் சண்டையில்தான் வரும்.

மேசையில் ஒரு பெரிய தட்டு. நடுவில் சோற்று மலை, சுற்றிவர புரோக்கோலிக் காடு, காட்டுக்குள் எட்டு இறைச்சி உருண்டைகள். அவைதான் பங்கர்கள், பதுங்குகுழிகள். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பெல்லெகிரினோ மலையின் இரண்டாம் உலக யுத்தகாலப் பங்கர்களைக் கிழவர் சின்னப் பிள்ளையாகப் பார்த்தவர். கேசிகா வன்னிப் பங்கருக்குள் படுத்து எழும்பியவள். ஆக, இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும்.

“ஒரு வாசல் மட்டும் வைச்சியளோ, துலைஞ்சியள். பின்னாலையும் ஒண்டு வேணும்” என்று சோற்றில் ஓட்டை போட்டாள்.

சண்டை தொடங்கி மூன்று வாரம். அதற்கு முன் கிழவர் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவே மாட்டேன் என்று அடம்பிடித்து, இரண்டு கிலோ இறங்கிவிட்டார். இன்னும் ஒரு கிலோ குறைந்தால் முதியோர் இல்லம்தான் என்று மிலானோவிலிருந்து மகள் மொனிகா சொல்லிவிட்டாள். அவர் போனால் கேசிகாவின் வேலை போகும். வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது, ஊருக்குத்தான் போக வேண்டும். அதைத் தடுக்க அவளுக்கு வந்த யோசனைதான் இந்தச் சோற்று மலை.

சட்டம் மட்டும் கிழவர் போட்டது. பிடிபட்ட பங்கரை இரண்டு பேரும் பாதி பாதி சாப்பிட வேண்டும், அதுவும் கதிரையில் உட்கார்ந்துதான்.

“ஏன், நிண்டு சாப்பிட்டால் என்ன?”

“ஜெனரல்மார் நிக்கிறேல்லை. இரு!”

அன்றைக்கு எட்டுப் பங்கர்களும் விழுந்தன. காடும் மிஞ்சவில்லை. கிழவரைத் தராசில் ஏற்றிப் பார்த்தாள். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.

“என்ர பிள்ளையாரே!” என்று கத்தியே விட்டாள். எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரரைப் பேய்க்காட்டிச் சாப்பிட வைத்துவிட்டேன் என்று பெருமை தாங்கவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே தட்டைக் குசினிக்குக் கொண்டுபோனாள். அங்கே அவளுடைய பிஸ்கற் பெட்டி மூன்று வாரமாகத் திறக்காமல் கிடந்தது.

முன்னறையில் கிழவர் மகளோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். காது மந்தம் என்பதால் இரகசியத்தையும் உரக்கத்தான் சொல்வார்.

“ஓம் மொனிகா, நிறை கூடியிருக்கு. எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. இந்தப் பிள்ளை நாலு வருசமா எனக்குச் சமைச்சு வைச்சிட்டு, தான் குசினியில நிண்டபடி ரெண்டு பிஸ்கற்றோட மத்தியானத்தை முடிச்சுது. மேசைக்கு வா எண்டு எத்தினை தரம் கூப்பிட்டன், வரேல்லை. நான் பட்டினி கிடந்த பிறகுதான் வந்து இருந்து சாப்பிடுது. அவளிட்டைச் சொல்லிப்போடாதை, நாளைக்குத் திரும்பவும் பிஸ்கற்றோட குசினியில நிண்டிடுவாள்!”