கருத்துக்கேட்பில் காது கொடுத்தவர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. நகரத்தின் இருபதாண்டுத் திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். குப்பைமேட்டை ஒட்டிக் கடை வைத்திருக்கும் தையல்கார அக்கா முதல் ஆளாக மைக்கைப் பிடித்தாள்.

“ஐயா, அந்த நாத்தத்துல என் இஞ்ச் டேப்பே சுருங்குது. மேட்டை இன்னும் உசத்தினா கடையை மூட வேண்டியதுதான்.”

மேடையிலிருந்தவர் காதைத் தீட்டிக்கொண்டார். “இன்னும் சத்தமாச் சொல்லுங்கம்மா. கடைசி வரிசைக்கும் கேக்கணும்.”

வாயை மூடச் சொல்லாத அதிகாரியை அக்கா அன்றுதான் பார்க்கிறாள்.

“மேயர் வீட்டுத் தெருவுல ஒரு வண்டி குப்பையாவது கொட்டுவீங்களா?”

“அப்படிப் போடுங்க. திரும்பவும் ஒரு தடவை.”

பத்து வருஷத்து எரிச்சலையும் அக்கா கொட்டித் தீர்த்தாள்.

“ரொம்ப நல்லா இருக்கும்மா,” என்றார் அவர்.

“நம்ம கடை பொழச்சுதுடி,” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் மைக் செட்காரர். அதிகாரிகள் இன்னும் வந்து சேரவில்லை.