ஜன்னலோர சஃபகேஷன்

“சஃபகேஷன்மா. அந்த ஜன்னல் சீட்ட மட்டும் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்.”

அம்பிகா டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். தன் முறை வந்தேவிட்டது.

திருமானூரில் ஏறுகிற அண்ணாதுரைக்குத் தெரிந்த இங்கிலீஷ் அந்த ஒரு வார்த்தைதான். அதை வைத்தே பதினைந்து நாளாக, எட்டேகால் டவுன் பஸ்ஸில் தினம் ஒருத்தரை எழுப்பிவிட்டு ஜன்னலோரம் பிடித்துவிடுவார். மூச்சு முட்டுகிற மனுஷன் உட்கார்ந்ததும் செய்கிற முதல் வேலை, போனை எடுத்துக் கத்துவது.

“அலோ, குன்னம் மண்டியா? வெங்காயம் நேத்து ரேட்டா, இன்னிக்கு ரேட்டாய்யா?”

அந்தக் குரலுக்கு முன்னால் பஸ் ஹாரனே கொஞ்சம் அடக்கித்தான் வாசிக்கும்.

அவர் படி ஏறுவதைப் பார்த்ததுமே இன்று ஆண்கள் பக்க ஜன்னலோரம் மொத்தமும் தூங்கிப்போனது. ஒருத்தர் குறட்டைகூட விட்டார். முழித்துக்கொண்டிருந்தது டீச்சர் மட்டும்.

வேறு நாளாக இருந்தால் கொடுத்திருப்பாள். அவளுக்குக் கீழப்பழுவூர்ப் பள்ளியில் வேலை. பின்வாசலில் கூட்டம் முண்டி ஏறுவதற்குள் முன்வாசலில் இறங்கி ஓடிவிடுகிறவள். இன்று அரியலூர் வரை போக வேண்டும். அதிகாரிகள் முன்னால் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். ஜன்னல் காற்று முகத்தில் படாவிட்டால் பஸ்ஸில் அவளுக்குக் குமட்டும். அதற்காகவே கையில் எலுமிச்சம்பழம். உடம்பில் இஸ்திரி கலையாத புதுப் புடவை.

“உங்களுக்கு சஃபகேஷனா?”

“ஆமாம்மா.”

“அப்படின்னா என்ன அர்த்தம், சொல்லுங்க பாப்போம்.”

அண்ணாதுரை தலையைச் சொறிந்தார். “ஜன்னலோரம் ஒக்காரணும்னு அர்த்தம்மா.”

தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

“இத எங்க கத்துக்கிட்டீங்க?”

“இதே பஸ்ஸுலதாம்மா. மொதல்ல ‘காத்து வேணும்’னு கேட்டேன். ‘காத்து வேணும்னா கீழ எறங்கி நில்லு’ன்னானுவ. ‘மூச்சு முட்டுது’ன்னு கேட்டேன். ‘எங்களுக்கு மட்டும் ஊட்டியாட்டமா இருக்கு’ன்னானுவ. அப்பறம் ஒரு நாளு, கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஒருத்தன் ஏறி ‘சஃபகேஷன்’னான். மூணு பேரு எந்திரிச்சாங்க. நான் அந்த வார்த்தையப் புடிச்சுக்கிட்டேன்.”

டீச்சருக்கு வகுப்பறைக் குரல் வந்துவிட்டது.

“இங்க பாருங்க. சஃபகேஷன்னா மூச்சுக்காத்து கெடைக்காமத் திணறுறது. பொகை அடைச்ச ரூமுல மாட்டிக்கிட்டா சொல்றது. கெணத்துல எறங்கி விஷவாயு தாக்குனா சொல்றது. உசுரு சம்பந்தப்பட்ட வார்த்தை அது. காத்து வாங்கிக்கிட்டே வெங்காய ரேட் பேசறதுக்கு இல்ல.”

“அப்படிச் சொல்லுங்க டீச்சர்” என்றது சற்று முன் குறட்டை விட்ட குரல்.

“குடுத்துருங்களேன் டீச்சர், நமக்கெதுக்கு வம்பு” என்று விசிலை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார் கண்டக்டர் இளையபெருமாள்.

“இல்ல சார். எனக்கும் ஜன்னல் வேணும்.”

அண்ணாதுரை வாதாடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போனையும் எடுக்கவில்லை. குனிந்து குனிந்து ரோட்டைப் பார்த்தார். கீழப்பழுவூர் நெருங்க நெருங்க, ஜன்னலோரத் தூக்கக்காரர்கள் இரண்டு பேரைத் தோளில் தட்டிப் பார்த்தார்.

“அதான் டீச்சரே சொல்லிட்டாங்கல்ல” என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

டீச்சருக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு. மாதிரி வகுப்பு அமோகமாக நடந்து முடிந்த மாதிரி இருந்தது.

கீழப்பழுவூர் வந்தது. பின்வாசலில் முப்பது பேர் மொய்த்தார்கள். “உள்ள போ, உள்ள போ, எடம் இருக்குல்ல” என்று கண்டக்டர் இல்லாத இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணாதுரை கூட்டத்தைப் பிளந்துகொண்டு படிக்கட்டுக்குப் போனார். கீழே நின்ற ஒரு பெண்ணின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, கை கொடுத்து ஏற்றினார். நாற்பது வயதிருக்கும். கையில் ஆஸ்பத்திரி நோட்டு. இரண்டு படி ஏறியதற்கே நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது. வாய் திறந்திருந்தது, வார்த்தை வரவில்லை. ஜன்னலோரத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணாதுரையைப் பார்த்தாள்.

“இன்னிக்குக் கெடைக்கல காத்தாயி. கொஞ்சம் பொறுத்துக்கத்தா.”

டீச்சர் எப்போது எழுந்தாள் என்று டீச்சருக்கே தெரியாது.

காத்தாயி உட்கார்ந்து, ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, காற்றை மிடறு மிடறாகக் குடித்தாள். பஸ் வேகமெடுத்த பிறகு தோள் மெல்ல அடங்கியது. திரும்பி டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள்.

கூட்டத்தில் நசுங்கி நின்ற டீச்சர், புடவை கசங்குவதைக் கவனிக்கவில்லை.

“உங்க சொந்தமாங்க?”

“இல்லம்மா. பஸ்ஸுல பாக்கறதுதான். கல்லு ஒடைக்கிற கிரஷர்ல வேல பாத்த ஒடம்பு. அரியலூர் ஆஸ்பத்திரிக்கு தெனம் போயிட்டு வருது. இங்க ஏறுறப்ப எங்க சீட்டு இருக்கு?”

“இவங்களுக்குத்தான்னு அப்பவே சொல்லியிருந்தா குடுத்திருப்பேனே.”

“எல்லாத்துக்கும் முன்னாடி அப்படித்தாம்மா சொன்னேன். ‘அவங்க ஏறட்டும், பாத்துக்கலாம்’பாங்க. ஏறுனதும் தூங்கிடுவாங்க.”

“சரி, இவங்களே நேராக் கேக்கலாமேங்க?”

அண்ணாதுரை குரலைத் தாழ்த்தினார். அவருக்கு அப்படியொரு குரல் உண்டு என்று பஸ்ஸுக்கே அன்றுதான் தெரிந்தது.

“கேக்கறதுக்கு மூச்சு வேணுமேம்மா.”