ஆறாத டியூப்பு

"ஏண்டி கிருபா, கொதிக்க வச்ச டியூப்ப என் பேர்ல மாத்தி வச்சுட்டு விளையாடுறியா?" அனிதா மேரி கத்துனா.

தேனியில அவுக லேப்புல, மெஷின் சரியா காட்டுதான்னு பாக்க காலையில வேலை பாக்குறவுக ரத்தத்தையும், ஒப்பிட்டுப் பாக்க கொதிக்க வச்சுச் சாகடிச்ச ரத்தத்தையும் வைப்பாக. செத்த செல்லுக்குள்ளதேன் சிவப்புச் சாயம் ஏறும். உசுருள்ளது உள்ள விடாது. இன்னைக்கு மேரி ரத்தம் பூராவும் சிவப்பு.

மேரி மறுபடி ஊசியக் குத்தி எடுத்தா. அதுவும் பூராச் சிவப்பு.

கிருபாவதி குரல் இறங்கிருச்சு. "கோவிக்காத ஆத்தா. குமுளி மலையில பஸ்ஸு கவுந்து, நீ மட்டும் கீறல் இல்லாம வந்தியே, அன்னையிலருந்து இப்படித்தேன். இம்புட்டு நாளும் என் ரத்தத்தத்தேன் உன் பேர்ல வச்சேன். இன்னைக்கு நான் வர லேட்டாயிருச்சு, நீயே உன் ரத்தத்த வச்சுட்ட."

"ஒரே டப்பாவுல சோறு திங்கிறோம். எங்கிட்டயே மறைச்சுட்டியேடி!"

"சொன்னா நீ போயிருவியோன்னு பயந்துட்டேன்."

மேரி அவ கையத் தட்டிவிட்டுட்டு, கம்பம் பஸ்ஸுல ஏறிப் போயிட்டா.

சாயங்காலம் கிருபாவதி லேப்பப் பூட்ட வந்தா. காலையில குத்தி எடுத்த மேரியோட டியூப்பக் கையில எடுத்தா. அதுல உடம்புச் சூடு இன்னும் ஆறல.

உங்க கூட்டாளி இப்படி மறைச்சிருந்தா நீங்க மன்னிப்பீகளா? கீழ எழுதுங்க.