ஒன்றாவது வரட்டும்

முப்பத்துநான்கு வயதில் சஞ்சயனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. ஐஸ் ஹொக்கியில் கோல்காப்பாளனான அவனை லண்டன் கழகம் இந்த மாதத்தோடு கழற்றிவிடுகிறது. அவனை எடுப்பதா விடுவதா என்று பார்க்க இன்று ஜேர்மன் கழகமொன்றின் ஆள் வந்திருந்தார்.

காலையில் ஆர்ச்வே கோயிலுக்குப் புறப்பட்ட அம்மாவிடம், "இண்டைக்கு எனக்காக முருகனிட்டச் சொல்லுங்கோம்மா" என்று கெஞ்சியிருந்தான்.

ஆனால் எதிரணியில் பாதிப்பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். ஆட்டம் முழுக்க மறுகோடியிலேயே நடந்தது. சஞ்சயனின் அணி ஒன்பது கோல் போட்டது. அவன் பக்கம் பந்துக்குப் பதிலான அந்த ரப்பர் வட்டு ஒருமுறைகூட வரவில்லை.

"ஒருத்தனையாவது இஞ்சால அடிக்க விடுங்கோடா!"

முகமூடிக்குள் தமிழில் கத்தினான். யாருக்கு விளங்கும்?

ஆட்டம் முடிந்ததும் ஜேர்மன்காரர் கைகொடுத்தார்.

"மன்னியுங்கள். நீங்கள் ஒன்றைக்கூடத் தடுத்து நான் பார்க்கவில்லை. எதை நம்பி எடுப்பது?"

சஞ்சயன் வாசலுக்கு வந்தான். அங்கே ஆட்டம் பார்த்துவிட்டு வந்த அம்மா கமலாம்பிகை பூரிப்போடு நின்றார். அவன் வாய் திறக்குமுன் நெற்றி நிறையத் திருநீறு பூசினார்.

"பாத்தியே ராசா, முருகன் கைவிடேல்லை! உன்ர பக்கம் ஒண்டுமே வரக்கூடாதெண்டு பாற்குடம் நேந்தனான்."

மிச்சத் திருநீற்றை அவன் கைக்குள் வைத்து மூடினார்.

"இண்டைக்கு மட்டுமில்லை ராசா. இனி எண்டைக்குமே!"