படகுக்காரன் கேட்டால்

"வடக்கு வாசல் பக்கம் போயிடாத. பின்னாடி ஆத்தோரமா இறங்கு. அங்க ஒரு படகுக்காரன் நிப்பான். அவன் கேட்டா மட்டும் பேரைச் சொல்லு."

லிஃப்ட் மெக்கானிக் தன் மகளிடம் இதைத் தணிந்த குரலில்தான் சொன்னான். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளரின் காது, அதைவிடத் தணிந்த குரல்களையெல்லாம் கேட்டுப் பழகிய காது.

எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

குடும்ப நீதிமன்றத்தின் மாடியில் இருந்தது அந்தச் சந்திப்பு அறை. பிரிந்து வாழும் அப்பாவோ அம்மாவோ வாரம் ஒரு முறை பிள்ளையைப் பார்த்துப் பேசிவிட்டுப் போகும் இடம். சுவரில் யாரோ வரைந்துவிட்டுப் போன மேகங்கள். மூலையில் சக்கரம் கழன்ற பொம்மை லாரி. என்ன பேசுகிறார்கள் என்று கவனித்து அறிக்கை எழுதுவது அவள் வேலை.

முன்பு ஒருத்தன் இதே அறையில் பிள்ளைக்கு ராஜா கதை சொன்னான். அரைக் காதாகக் கேட்டுக்கொண்டு அவள் சும்மா இருந்துவிட்டாள். மறுநாள் அந்தக் கதையில் சொன்னபடியே பள்ளிக்கூடத்துப் பின்சுவர் வழியாகப் பிள்ளை காணாமல் போனது. கிடைத்துவிட்டதுதான். அதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அன்றிலிருந்து யார் கதை சொன்னாலும் அவள் ஒரு சொல் விடாமல் கேட்பாள்.

இந்தப் பெண்ணின் அம்மா வேறு, கீழே வராந்தாவில் வைத்துக் காதைக் கடித்திருந்தாள். "வீட்ல வாயைத் தொறக்காத மனுஷன் மேடம். இப்ப மட்டும் அவகிட்ட அப்படி என்னதான் பேசறார்? கொஞ்சம் பாத்துக்கோங்க."

மேசைமேல் கைக்கு அடக்கமான ஒரு பழைய வீடியோ கேம் கிடந்தது. பொத்தான்களில் எழுத்து தேய்ந்திருந்தது. பேட்டரி மூடி தொலைந்துபோனதால் ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள். பக்கத்தில் பிஸ்கட் டப்பா நிறைய கேசட்டுகள். இரண்டையும் மெக்கானிக் முதல் சந்திப்பிலேயே மகளுக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தான்.

வந்து உட்கார்ந்ததிலிருந்து, எந்தக் கேசட்டை விளையாடலாம், எதைத் தொடக்கூட வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். கார் ஓட்டுவதெல்லாம் வெறும் இரைச்சல். தோட்டம் போடுவது நன்றாக இருக்கும், பொறுமைதான் வேண்டும். கோட்டை கேசட் இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் ஒசத்தி.

அதுவரை சரி. அந்தக் கோட்டைக்குள் எந்த வழியாகப் போவது என்று ஆரம்பித்ததும்தான் அவளுக்கு உறுத்தியது.

மேசையைப் பார்த்தபடி, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோலப் பேசினான். இடையிடையே ஓரக்கண்ணால் இவளைப் பார்த்தான்.

மகள் அதற்குமேல். சரியான இடத்தில் கண்ணை விரித்தாள். சரியான இடத்தில் "அப்புறம்ப்பா?" என்றாள். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. ஒத்திகை பார்த்துவிட்டு வந்த நாடகம் மாதிரி இருந்தது.

நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடியது. அதில் படகு போய் யாரும் பார்த்ததில்லை.

இருந்தாலும்.

"அந்த கேமை எடுத்துக்கிட்டு என்கூட வெளிய வா பாப்பா."

மெக்கானிக்கின் முகம் வெளுத்தது. பாதி எழுந்தான். உட்காரச் சொல்லிக் கை காட்டிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். அறிக்கையில் அவள் ஒரு வரி எழுதினால் போதும், நாளையிலிருந்து அவன் மகளைப் பார்க்க முடியாது. அது அவனுக்கும் தெரியும்.

வராந்தாவில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். "யாரு அந்தப் படகுக்காரன்? அப்பா உன்னை எங்க வரச் சொல்றாரு? பயப்படாம சொல்லு."

பெண் அவளைப் பார்த்தாள். சாத்திய கதவைப் பார்த்தாள். பிறகு கேமின் பொத்தானை அழுத்தினாள்.

கீச்சென்று ஒரு பாட்டு. சின்னத் திரையில் ஒரு கோட்டை. அதைச் சுற்றி ஆறு. கோட்டைக்கு மேலே வாணவேடிக்கை. கீழே கட்டைவிரல் நகத்தளவு மனிதர்கள் கைகோத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ராஜா கையசைத்தார். மறுபடி வாணவேடிக்கை.

வீடியோ கேமைத் தொட்டே பார்க்காத கண்காணிப்பாளருக்கும் அது புரிந்தது.

"இது முடிஞ்சுபோச்சு போல இருக்கே."

"எப்பவோ முடிச்சிட்டேன். டப்பால இருக்கற எல்லாத்தையும் முடிச்சிட்டேன்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டுக்கிட்டு இருக்க?"

பெண் செருப்பு நுனியால் தரையைத் தேய்த்தாள்.

"அப்பாவுக்கு வேற எதுவும் பேச வராது மேடம்."

பிறகு, "அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது மெக்கானிக் நின்றுகொண்டிருந்தான். பிஸ்கட் டப்பாவை மூடி, எடுத்துப் போகச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தவன்போல மார்போடு அணைத்து வைத்திருந்தான்.

"இன்னும் நேரம் இருக்கு. பேசுங்க," என்றாள் கண்காணிப்பாளர்.

அவன் நம்பவில்லை. இதில் என்ன சூது இருக்கிறதோ என்று அவளையே பார்த்தான்.

மகள் டப்பாவை அவன் கையிலிருந்து வாங்கித் திறந்தாள். துழாவி, அடியில் கிடந்த ஒரு கேசட்டை எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இது எப்படிப்பா இருக்கும்? விளையாடலாமா?"

மெக்கானிக் மெல்ல உட்கார்ந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அதுவா," என்று ஆரம்பித்தான். "அது உனக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கும் பாப்பா."