முதல் கட்டளை

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த பொன்ராஜுக்குக் கோபம் வரும்போது சொல்வதற்காக, அவர் மனைவி செல்லக்கனிக்கு மனநல மருத்துவர் ஒரு சொல்லைக் கொடுத்திருந்தார்: விஷ்ராம், அதாவது தளர்ந்து நில். அணிவகுப்பில் அந்தக் கட்டளையைக் கேட்டதும் விரல்கள் விரிந்து, கைகள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். இருபது வருடப் பழக்கம் என்பதால் மூளையைக் கேட்காமல் உடம்பே அதைச் செய்துவிடும். இதற்கு முன் கோபத்தில் அவர் விறைத்து நின்ற இரண்டு முறையும் அது பலித்தது.

இன்று அவளுடைய தம்பி லிங்கதுரை பின்னாலிருந்து அவர் கண்களைப் பொத்தினான்.

"யாருன்னு சொல்லுங்க அத்தான், பாப்போம்!"

அடுத்த நொடி அவன் தரையில் கிடந்தான். பொன்ராஜின் இரண்டு கைகளும் அவன் கழுத்தில் இருந்தன.

"விஷ்ராம்! ஏங்க, அது நம்ம தொரைங்க! விஷ்ராம்!"

கைகள் விலகவில்லை. பொன்ராஜ் அழுதுகொண்டிருந்தார்.

"மொதல்ல சாவ்தான் சொல்லு கனி. அது சொல்லாம விஷ்ராம் கிடையாது. சீக்கிரம் சொல்லு."

சாவ்தான் என்றால் விறைப்பாக நிற்பது. அதில் முதலில் விரல்கள் இறுகி முஷ்டியாகும். அதன் பிறகுதான் கைகள் கீழே இறங்கும். அது அவளுக்குத் தெரியும்.

லிங்கதுரையின் குதிகால்கள் தரையைத் தேய்த்தன. செல்லக்கனி மூச்சை இழுத்துக்கொண்டு, கட்டளையின் முதல் பாதியை நீட்டிக் கத்தினாள்.

"சாவ்..."