சிவப்புக் கம்பளம்

“சாயங்காலம் நான் வர்றப்ப கார்பெட்ல ஒரு முடி கெடந்தாலும் நாயக் கொண்டுபோய் விட்டுருவேன்ப்பா. புள்ளைக்கு மூச்சு இரைக்குது,” என்று சொல்லிவிட்டு மகன் குணசீலன் வேலைக்குப் போனான். தூசி உறிஞ்சும் மெஷினை நான் நம்பவில்லை, சத்தம்தான் பெரிசு. ரப்பர் செருப்பை நனைத்து, கம்பளத்தை ஒரே பக்கமாகத் தேய்த்தேன். வெள்ளை முடி சுருண்டு சுருண்டு வந்தது. தேய்த்த இடத்திலெல்லாம் என் நாய் சுருட்டை வந்து படுத்தது. “எந்திரிடா எருமை, உனக்காகத்தான்டா சாகுறேன்.” அது என் கையை நக்கியது. பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்தினேன். முட்டி வீங்கத் தேய்த்து முடித்தபோது கம்பளத்தில் ஒரு முடிகூட இல்லை. கீழே குணசீலனின் பைக் சத்தம். சுருட்டை கதவை முட்டித் திறந்து ஓடி வந்தது. அவன் வருகிற சந்தோஷத்தில் கம்பளத்தில் மல்லாந்து புரண்டது. காலிங்பெல் அடித்தது. செருப்பு இன்னும் என் கையில் இருந்தது.